அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள்
(வாசகர் கேள்வி பதில்)

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கவிதை பற்றியவை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள், சும்மா ஆசைக்கு வாசிக்கிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

*

உயர்தரத்தில் தமிழ் எடுத்திருக்கிறேன். கவிதை நயம் எழுதச் சொன்னால் "கவிஞர் அழகான படிமங்களைக் கையாண்டுள்ளார், சொல்லாட்சி சிறப்பாக உள்ளது" என்று எழுதுவேன். சேர் அதன் கீழே சிவப்பு மையால் "எப்படி?" என்று மட்டும் எழுதித் தருகிறார். எப்படி என்பதை எப்படி எழுதுவது?
மாணவி, காரைதீவு

தங்கச்சி, உங்கள் சேர் எழுதித் தரும் அந்த ஒரு சொல்லுக்குள் பாடம் முழுவதும் இருக்கிறது. அவரிடம் கோபப்படாதீர்கள். நானும் பள்ளிக்கூடக் காலத்தில் அதே இரண்டு வரியைத்தான் எல்லாக் கவிதைக்கும் எழுதினேன், ஒருவரும் "எப்படி" என்று கேட்கவில்லை, அந்தக் குறை எனக்கு நெடுநாள் இருந்தது.

நீங்கள் காரைதீவுப் பிள்ளை. 1892 இல் உங்கள் ஊரில் பிறந்த சுவாமி விபுலானந்தரின் "ஈசன் உவக்கும் மலர்" உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும், அதையே எடுப்போம்.

வெள்ளைநிற மல்லிகையோ வேறெந்த மாமலரோ
வள்ளல் அடியிணைக்கு வாய்த்த மலரெதுவோ
வெள்ளைநிறப் பூவுமல்ல வேறெந்த மலருமல்ல
உள்ளக் கமலமடி உத்தமனார் வேண்டுவது

படிமம், சொல்லாட்சி, அணி என்ற பெயர்களையெல்லாம் கொஞ்ச நேரம் மறந்துவிட்டுப் பாட்டை வாய்விட்டு இரண்டு தரம் வாசியுங்கள். நாக்கு எந்த இடத்தில் ஒரு கணம் நிற்கிறது? எனக்கு எப்போதும் "கமலமடி" என்பதில் நிற்கும், அதிலும் அந்த "அடி"யில். இதை எழுதியவர் துறவி. 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர். அப்படிப்பட்டவர் "அடி" என்கிறார். இப்போது அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள்: "உள்ளக் கமலம் உத்தமனார் வேண்டுவது". பொருள் கொஞ்சமும் குறையவில்லை, ஆனால் பாட்டு பிரசங்கமாகிவிட்டது, மேடையில் நின்று யாரோ நமக்குப் புத்தி சொல்வது போல இருக்கிறது. "அடி"யைத் திரும்ப வைத்தால் பூத்தட்டோடு நிற்கும் இரண்டு தோழிகள் வந்துவிடுகிறார்கள், ஒருத்தி கேட்கிறாள், மற்றவள் அவள் காதோடு சொல்கிறாள். அதே பாட்டின் அடுத்த பகுதியில் இறைவன் மாப்பிள்ளையாய் வருகிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், இந்தப் பெண்கள் பேசிக்கொள்வது எந்தப் பேச்சு என்று தெரியும். இரண்டே எழுத்து, அவ்வளவுதான். உங்கள் சேர் கேட்ட "எப்படி"க்கு இது ஒரு விடை.

இன்னொன்று சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த இடம். முதல் பாட்டில் தோழி விடையாகச் சொல்லும் பூ "உள்ளக் கமலம்". அடுத்த பாட்டில் "காப்பவிழ்ந்த தாமரையோ" என்று கேள்வி வருகிறது, அதுவும் அல்ல என்று பதிலும் வருகிறது. கமலமும் தாமரையும் ஒரே பூ! அப்படியென்றால் ஒரே பூவை ஒரு பாட்டில் வேண்டும் என்றும் மறுபாட்டில் வேண்டாம் என்றும் சொல்கிறாரா? இல்லை. குளத்தில் பறித்துக் கடையில் விற்கக்கூடிய பூவுக்குத் "தாமரை" என்ற அன்றாடச் சொல், பறிக்க முடியாத நெஞ்சுக்குக் "கமலம்" என்ற கோயிற்சொல். "உள்ளத் தாமரை" என்று மாற்றிப் பாருங்கள், குளத்துப் பூவின் ஈரம் அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது. எதுகையும் ஓசையும் இதில் வேலை செய்கின்றன என்பது உண்மைதான், ஆனால் ஓசைக்காக வந்த சொல்லும் பொருளைச் சுமந்தே வந்திருக்கிறது.

மற்ற இரண்டு விடைகளையும் அருகருகே எழுதுங்கள்: "கூப்பியகைக் காந்தளடி கோமகனார் வேண்டுவது", "நாட்டவிழி நெய்தலடி நாயகனார் வேண்டுவது". காந்தள் நாம் கார்த்திகைப் பூ என்று சொல்கிற அதே பூ. மழைக்காலத்தில் வேலியோரம் பூக்கும்போது ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள், ஆறு இதழும் மேல்நோக்கி எழும்பி, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக விரல்கள் போலவே இருக்கும். விரலுக்குக் காந்தளையும் கண்ணுக்கு நெய்தலையும் சொல்வது சங்க காலத்து வழக்கு. ஆனால் அங்கே அது பெண்ணின் அழகைச் சொல்ல வந்தது, இங்கே அதே உவமையைச் சுவாமி கும்பிடுகிற கைக்கும் ஏங்குகிற கண்ணுக்கும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். "நாட்டம்" என்ற சொல்லையும் விடாதீர்கள். அதற்குக் கண் என்றும் பொருள், விருப்பம் என்றும் பொருள். பார்க்கிற கண்ணே விரும்புகிற கண்ணுமாகிறது. நெய்தல் தண்ணீரில் நிற்கிற பூ, அந்தக் கண்ணும் நனைந்த கண்ணாகத்தான் எனக்குத் தெரிகிறது.

பரீட்சைத் தாளில் இதில் ஒன்றை மட்டும் எடுத்து நாலு வரியில் எழுதினாலே போதும். எந்தச் சொல், அதன் இடத்தில் வேறு எந்தச் சொல் வந்திருக்கலாம், அது வந்திருந்தால் எது போயிருக்கும், இந்த மூன்றும் உங்கள் பதிலில் இருக்கிறதா என்று பாருங்கள். "அழகாக உள்ளது" என்று எழுதத் தேவையே வராது.

*

விபுலானந்தரின் "நீரரமகளிர்" பாட்டில் "சால நாடியே சலதி நீருளே, பாலை பாடியே பலரொடு ஆடுவோம்" என்று வருகிறது. மகனின் கொப்பியில் "பாலை என்பது வறண்ட நிலம், பிரிவின் திணை, எனவே இப்பெண்கள் பிரிவுத் துயரைப் பாடுகிறார்கள்" என்று ரியூசன் குறிப்பு இருக்கிறது. கடலுக்குள் எப்படிப் பாலைவனம் வந்தது?
ஒரு தகப்பன், ஆரையம்பதி

உங்கள் சந்தேகம் சரி. அந்தக் குறிப்பு பிழை, மகனிடம் திருத்தச் சொல்லுங்கள்.

இந்தப் பாட்டு இருப்பது 1947 இல் வெளிவந்த "யாழ் நூ"லில். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களை நீரரமகளிராக, அதாவது நீரில் வாழும் தேவ மகளிராகப் பார்த்து எழுதியது. பழந்தமிழ் இசையில் பாலை என்பது பண்கள் பிறக்கின்ற சுர வரிசை. செம்பாலை, படுமலைப்பாலை என்று ஏழு உண்டு. அந்தப் பாலைகளைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதற்குத் தன் வாழ்க்கையில் பல ஆண்டுகளைக் கொடுத்த மனிதர், தன் ஊர் வாவிக்குள்ளிருந்து வந்த ஓசையைப் "பாலை பாடியே" என்று எழுதுகிறார். அந்தச் சொல்லில் எவ்வளவு நெஞ்சு இருக்கிறது என்று யோசியுங்கள்! "இசை பாடியே" என்று போட்டிருந்தாலும் பொருள் வந்திருக்கும், எதுகை போயிருக்கும், அந்த உழைப்பும் போயிருக்கும்.

நம்முடைய பிள்ளைகளுக்குப் பாலை என்றவுடன் முதலில் ஞாபகம் வருவது பாலைப்பழம். அதற்கப்புறம் திணை. இசைப்பாலை கடைசியில்தான் வரும், வராமலும் போகலாம். ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் இருந்தால் பக்கத்துச் சொல்லைக் கேளுங்கள். இங்கே பக்கத்தில் நிற்பது "பாடியே". அது சொல்லிவிடும்.

மேலே காரைதீவுத் தங்கச்சிக்கு நெய்தல் பற்றிச் சொன்னேனே, அதற்கும் இதே விதிதான். அந்தப் பாட்டில் கடலும் இல்லை, மணலும் இல்லை, விழிதான் இருக்கிறது. ஆகவே நெய்தல் அங்கே பூ மட்டுமே. திணையை இழுத்து வரக்கூடாது.

*

குறுந்தொகையில் கபிலரின் கொக்குப் பாட்டைப் படித்தேன். அவள் தன் வாழ்க்கையே போய்விடுமோ என்று பயந்து பேசும்போது நடுவில் கொக்கின் காலைப் பற்றி எதற்கு? அந்த இடம் எனக்குப் பாட்டைக் குழப்புகிறது.
வாசகி, வாழைச்சேனை

முதலில் மற்றவர்களுக்காகப் பாட்டை எழுதிவிடுகிறேன், 25 ஆம் பாட்டு, ஐந்தே அடி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அன்று அவன் என்னோடு கூடியபோது வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே இல்லையென்று பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினையின் தாள் போல் சிறிய பசிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் இருந்தது. இதுதான் பொருள்.

உங்களைக் குழப்புகிற இடம் எதுவோ அதற்குள்தான் பாட்டு இருக்கிறது. போன கிழமை விடிய நான் கல்லடிப் பக்கம் வாவிக் கரையில் நடந்து போனேன். கரையிலிருந்து நாலு முழம் தள்ளி ஒரு கொக்கு, முழங்கால் அளவு தண்ணீரில், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. பின்னால் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் கத்திக்கொண்டு போனது, இரண்டு பையன்கள் வலையைத் தோணியில் தூக்கிப் போட்டார்கள், கொக்கு திரும்பவே இல்லை. அதன் கண் தண்ணீரில் ஒரு இடத்தை விட்டு அசையவில்லை. நான் பத்து நிமிடம் நின்றிருப்பேன். அன்று என்னை யாராவது அங்கே கொன்று போட்டிருந்தாலும் அந்தக் கொக்குக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

இப்போது "பார்க்கும்" என்ற சொல்லுக்கு வாருங்கள். அவளிடம் இருக்கிற ஒரே சாட்சி பார்த்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் மீனைப் பார்த்தது. கபிலர் "ஆரல் தின்னும்" என்றோ "நீரில் நிற்கும்" என்றோ எழுதவில்லை. சாட்சிக்கு வேண்டிய அதே சொல்லைப் போட்டுவிட்டு அதன் கண்ணை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார். குருகின் இடத்தில் காகத்தை வைத்துப் பாருங்கள், அது ஊரைக் கூட்டியிருக்கும், கிளியை வைத்தால் சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருக்கும். வாய் பேசாமல் தன் இரையிலேயே கண்ணாய் நிற்பதற்குக் குருகுதான் வேண்டும்.

அப்புறம் அந்தத் தினைத்தாள். அவளுடைய மலையில் விளைவது தினை, ஆகவே அவள் கண்ணுக்குக் கால் தினைத்தாளாகத் தெரிகிறது. நம்முடைய ஊர்ப் பெண்ணாயிருந்தால் நெல்லுத்தாள் என்றிருப்பாள். ஆனால் இன்னொரு காரியமும் அதில் இருக்கிறது: பச்சைத் தாள் போல இருக்கிற கால் தண்ணீருக்குள் புல்லோடு புல்லாகத் தெரியும், மீன் நம்பிக் கிட்ட வரும். நம்ப வைத்து எடுத்துக்கொள்கிற ஒன்றைப் பற்றி அவள் பேசுகிறாள். அவனைக் கள்வன் என்று சொல்லிவிட்டுக் கொக்கைப் பற்றிப் பேசுகிறவள் உண்மையில் பேச்சை மாற்றவில்லை.

கடைசியாக "குருகும்" என்பதில் உள்ள அந்த "உம்". யாரும் இல்லை என்று தொடங்கியவள், நினைத்து நினைத்துப் பார்த்து, ஆ, ஒரு குருகும் இருந்ததே என்கிறாள். பயந்துபோன மனம் இப்படித்தான் தேடும். அந்த நாளின் ஒவ்வொரு துரும்பையும் கிளறிப் பார்க்கும், கொக்கின் காலின் நிறம் வரைக்கும் ஞாபகம் வரும், பிரயோசனமானது ஒன்றும் வராது. இந்த "உம்"மை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

*

உவமை, உருவகம், படிமம் மூன்றையும் பிள்ளைகளுக்குக் குழப்பமில்லாமல் சொல்லிக் கொடுக்க ஒரு வழி சொல்லுங்கள்.
ஆசிரியர், கல்முனை

ஐயா, மேலே வந்த உதாரணங்களையே பாருங்கள். "தினைத்தாள் அன்ன கால்" உவமை, "அன்ன" என்று ஒப்பிட்டுக் காட்டுகிறது. "உள்ளக் கமலம்" உருவகம், உள்ளமே கமலம். மீனைப் பார்த்தபடி நிற்கும் குருகு படிமம். அது எதைப் போல என்று பாட்டு சொல்லவே இல்லை, கண்முன் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறது, நாம்தான் அதை வைத்துக்கொண்டு அல்லாட வேண்டும். பழைய இலக்கணம் உள்ளுறை என்று சொன்னதற்கு இது கிட்ட வரும். உவமைகளும் உருவகங்களும் சேர்ந்து ஒரு படிமத்தைக் கட்டலாம், ஆகவே மூன்றையும் வேறு வேறு பெட்டியில் போட்டுப் பூட்டாதீர்கள். பெயர் தெரிந்த பிள்ளையை விட, கொக்கு எங்கே பார்க்கிறது என்று கேட்கிற பிள்ளைக்குத்தான் நான் கூடப் புள்ளி போடுவேன்.

*

நான் எழுதிய கவிதையில் "கச்சான் முடிந்த வயல்" என்று ஒரு வரி. வெளியூர்ப் பத்திரிகை ஒன்று அதைக் "கோடை முடிந்த வயல்" என்று மாற்றிப் போட்டுவிட்டது. கேட்டதற்கு, கச்சான் என்றால் வாசகர்கள் நிலக்கடலை என்று நினைப்பார்களாம். எங்கள் பக்கம் வீசும் வறண்ட மேல்காற்றுக்கு என் உம்மம்மா நாளெல்லாம் சொல்கிற சொல். நான் எழுதியது பிழையா?
வாசகி, அக்கரைப்பற்று

சகோதரி, பிழை உங்களுடையது இல்லை. கேட்காமல் மாற்றியதுதான் பிழை.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பாடப்படுகிற கவி ஒன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும், வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறி வரும்:

கச்சான் அடிச்ச பின்பு காட்டில் மரம் நின்றதுபோல்
உச்சியில நாலுமயிர் ஓரமெல்லாம் தான்வழுக்கை

ஒரு வழுக்கைத் தலையைப் பார்த்து எழுந்த கவி. கச்சானை எடுத்துவிட்டுக் காற்று என்று போடுங்கள். காற்று தென்றலாகவும் இருக்கலாம், மழையைக் கொண்டுவரும் வாடையாகவும் இருக்கலாம். கச்சானோ மேற்கேயிருந்து வருவது. தென்மேற்குப் பருவக் காற்று மலைநாட்டின் அந்தப் பக்கத்திலேயே தன் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி நம் பக்கம் இறங்குகிறது. அது வீசுகிற மாதங்களில் குளத்தடி வெடிக்கும், இலை கருகி உதிரும், உதடு வெடிக்கும். ஒரு நாளில் செய்கிற வேலை இல்லை அது, மாதக் கணக்கில் உரித்து உரித்து எடுக்கும். அந்த மனிதருடைய தலையும் ஒரு நாளில் அப்படியானதில்லையே! "அடிச்ச பின்பு" என்ற இரண்டு சொல்லுக்குள் அவருடைய வயது முழுவதும் இருக்கிறது. உச்சி மரத்துக்கும் உண்டு, தலைக்கும் உண்டு, உவமையின் இரண்டு பக்கமும் அந்த ஒரு சொல்லில் முடிச்சாகிறது. கச்சான், உச்சி என்று எதுகை கட்டியிருப்பதையும் பாருங்கள். ஏட்டுக் கல்வி இல்லாத ஒருவர் வாயில் வந்த கவியாக இருக்கலாம், சொல் தேர்வில் கபிலருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

உங்கள் வரியில் "கோடை" என்றால் வெயில் முடிந்தது, அவ்வளவுதான். "கச்சான்" என்றால் வெயிலும் முடிந்தது, காற்றும் ஓய்ந்தது, இனி மாரி மழையைப் பார்த்துக்கொண்டு வயலில் வேலை தொடங்கலாம். நிலக்கடலைக்கும் நாம் கச்சான் என்றுதான் சொல்கிறோம், ஆனால் "முடிந்த" என்பதும் "வயல்" என்பதும் பக்கத்தில் இருக்கும்போது எந்தக் கச்சான் என்று வாசகருக்கு விளங்கும், விளங்காவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்வார். "மறுகா" என்று நாம் சொல்வதை "பிறகு" என்று மாற்றினால் நம் ஊர்க்குரல் போய்விடும், இதுவும் அப்படித்தான். புத்தகமாகப் போடும்போது உங்கள் சொல்லைத் திரும்ப எடுத்து வையுங்கள்.

*

கவிஞர்கள் இதையெல்லாம் நினைத்தா எழுதுகிறார்கள்? நாம்தான் இல்லாததைச் சொல்கிறோமோ?
வாசகர், ஏறாவூர்

நினைத்தாரா என்று கபிலரைக் கேட்க வழியில்லை. சொல் இருக்கிறது, அதைக் கேட்கலாம். நீங்கள் சொல்கிற பொருளுக்குப் பாட்டுக்குள்ளேயே ஒரு சொல் கை நீட்டிச் சாட்சி சொல்கிறதா? சொன்னால் அது இருக்கிறது. கடலுக்குள் பாலைவனம் கண்ட குறிப்பைப் போல ஒரு சொல்லும் துணைக்கு வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

*

பதினாறு வயது. நான் எழுதியதைப் பார்த்துச் சொல்லுங்கள்: "அலைகள் கண்ணீர் வடிக்கின்றன / நிலா சோகமாய்ப் பார்க்கிறது / அம்மாவின் வெற்றுக் கூடை / கரையில் காத்திருக்கிறது".
மாணவன், திருக்கோவில்

தம்பி, முதல் இரண்டு வரியையும் யாரும் எழுதலாம், கடல் பார்க்காதவரும் எழுதலாம். அலை அழுகிறது, நிலா சோகப்படுகிறது என்று சொல்லிவிட்டால் எங்களுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. மூன்றாவது வரி அப்படியில்லை. அதைப் பார்த்தவர் நீங்கள் மட்டும்தான். அந்தக் கூடை வந்தவுடன் எனக்குக் கரை தெரிந்தது, தோணி இன்னும் வரவில்லை என்று தெரிந்தது, அல்லது வந்தும் மீன் இல்லை. எதுவென்று நீங்கள் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டது நல்லது.

முதல் இரண்டையும் வெட்டிவிடுங்கள். பிறகு "காத்திருக்கிறது" என்பதை யோசியுங்கள். காத்திருப்பது அம்மா, கூடை இல்லை. கூடை கிடக்கும், கவிழ்ந்திருக்கும், காற்றில் உருளும். அன்று அது என்ன செய்துகொண்டிருந்தது என்று ஞாபகப்படுத்தி அந்தச் சொல்லைப் போடுங்கள், அம்மா காத்திருப்பது தானாகத் தெரிந்துவிடும். இன்னொன்று, அம்மா அதைக் கூடை என்றா சொல்கிறா, கடகம் என்றா, அல்லது வேறு ஏதும் பெயரா? இன்றைக்குப் பின்னேரம் அவவிடம் கேட்டுவிட்டு எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.